கறையான் ஒழிப்பு முறைகள் ஒரு மதிப்பீடு: எது நின்று வேலை செய்கிறது, எது கண்துடைப்பு

கறையானுக்கென்று கிடைப்பவற்றை ஐந்து வகையாகப் பிரிக்கலாம். தரையைத் துளையிட்டு மண்ணுக்குள் மருந்து ஏற்றும் சேவை, வீட்டைச் சுற்றி மண்ணில் பதிக்கும் இரைப் பெட்டி, மரத்தில் பூசும் போரேட் என்ற போரான் உப்பு, டப்பா ஸ்ப்ரே, உலர்மரக் கறையானுக்கான நச்சுப்புகை அல்லது வெப்பச் சிகிச்சை. எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மண் வழியாக ஏறிவரும் கறையானுக்குத் துளையிட்டு ஏற்றும் திரவ மருந்துதான் முதல் தேர்வு. ஆனால் அந்த வேலையின் தரத்தை மருந்தின் பெயரை வைத்து அளக்க முடியாது. துளை எவ்வளவு ஆழம் போனது, ஒவ்வொன்றிலும் எத்தனை லிட்டர் இறங்கியது, இடையில் எந்த இடம் விட்டுப்போனது, இவைதான் கணக்கு. உயர்ந்த மருந்தைப் பாதி அளவு ஏற்றிய வீட்டில் கறையான் திரும்பி வரும். சுமாரான மருந்தை இடைவெளி விடாமல் ஏற்றிய வீடு தப்பிக்கும்.

முதலில் வீட்டில் இருப்பது எது என்று தெரிய வேண்டும். இங்கே தவறினால் அடுத்துச் செய்யும் எல்லாச் செலவும் வீண்.

மண் கறையானின் நிச்சயமான அடையாளம் மண் குழாய். ஏறக்குறைய பென்சில் தடிமனில், சுவரோடு ஒட்டி, தரையிலிருந்து மேலே ஏறும். கதவு நிலையின் அடிப்பாகம், குளியலறைச் சுவரின் மறுபக்கம், மின்குழாயும் தண்ணீர்க் குழாயும் தரையைத் துளைத்து வரும் இடம், சுவரோடு சேர்த்து அடித்த அலமாரியின் பின்பலகை, மாடிப்படியின் கீழ்ப்பகுதி, இந்த ஐந்து இடங்களையும் டார்ச் அடித்துப் பாருங்கள். குழாய் தென்பட்டால் நடுவில் 2 செ.மீ. நீளத்துக்கு மட்டும் உடைத்துவிட்டு மீதியை அப்படியே விடுங்கள். ஓரிரு நாளில் ஈர மண்ணால் அடைத்திருந்தால் புற்று உயிரோடு இயங்குகிறது. அடைக்கவில்லை என்பதற்காகக் கறையான் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். அந்த வழியைக் கைவிட்டு வேறு வழியில் ஏறிக்கொண்டிருக்கலாம்.

அடுத்த சோதனைக்கு ஸ்க்ரூ டிரைவர் போதும். அதன் கைப்பிடியால் மரத்தை 10 செ.மீ.க்கு ஒரு தட்டு வீதம் தட்டிக்கொண்டே போனால் ஓசை மாறும் இடம் தெரியும். பொத்தலான இடத்தில் முனையை அழுத்தினால் பெயின்ட்டின் மெல்லிய தோல் மட்டும் தடுக்கும், பிறகு முனை தானாக உள்ளே போகும். மண் கறையான் மரத்தின் மென்மையான பகுதியை இழைப்போக்கில் தின்று, கடினமான அடுக்குகளை விட்டுவைக்கும். இடைவெளிகளில் மண்ணைப் பூசியிருக்கும். உள்ளே மண் ஒட்டியிருந்தால் எதிரி நிலத்திலிருந்து வந்தது என்று உறுதி.

உலர்மரக் கறையானுக்கு மண் தொடர்பே தேவையில்லை. மரத்துக்குள்ளேயே குடியிருக்கும், துளைகள் சுத்தமாக இருக்கும், மண் இருக்காது. அது காட்டிக்கொடுப்பது எச்சத்தால். மேசைக்கடியில், ஜன்னல் சட்டத்தின் கீழே சிறு குவியலாகக் கிடக்கும் மணிகளை வெள்ளைத் தாளில் எடுத்து உருப்பெருக்கியில் பாருங்கள். ஏறக்குறைய 1 மி.மீ. நீளம், ஆறு பக்கம், விரலில் தேய்த்தால் மணல் போல நறநறக்கும். மாவு போல மென்மையாக இருந்து, மரத்தில் வட்டமான சிறு ஓட்டைகள் தெரிந்தால் அது கறையானே இல்லை, உளு வண்டு. இந்த இரண்டுக்கும் தரையைத் துளையிட்டு மருந்து ஏற்றுவதில் ஒரு பயனும் கிடையாது. அப்படியும் ஏற்றச் சொல்லும் ஆளை அனுப்பிவிடலாம்.

ஈசலைப் பற்றி ஒரு வார்த்தை. மழைக்குப் பின் வெளிவிளக்கை மொய்ப்பது சாதாரணம். ஆனால் ஜன்னல்கள் மூடியிருக்கும்போது வீட்டுக்குள்ளேயே தரையில் உதிர்ந்த இறக்கைகள் குவிந்து கிடந்தால், கட்டடத்துக்குள்ளோ அதை ஒட்டியோ முதிர்ந்த புற்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஈசலின் நான்கு இறக்கைகளும் ஒரே நீளம், இடுப்பு தடிமன், உணர்கொம்பு நேராக இருக்கும். இறக்கை முளைத்த எறும்புக்கு முன்னிறக்கை பெரிது, பின்னிறக்கை சிறிது, இடுப்பு ஒடுங்கியிருக்கும், உணர்கொம்பு மடங்கியிருக்கும்.

இனி மருந்துகள். துளையிட்டு ஏற்றும் திரவங்களில் இரண்டு குணம் உண்டு. பைஃபென்த்ரின் போன்ற பைரித்ராய்டு வகை மருந்துகளைக் கறையான் உணர்ந்து விலகிவிடும். சுற்றிலும் ஓட்டையில்லாமல் ஏற்றியிருந்தால் அது நல்ல வேலிதான். ஒரு சாண் இடைவெளி விட்டாலும் அந்த இடைவெளியைத் தேடி உள்ளே வந்துவிடும். ஏற்கெனவே கட்டி முடித்த வீட்டில் இடைவெளியே இல்லாமல் ஏற்றுவது நடக்கிற காரியமில்லை. அதனால் கட்டிய வீட்டுக்கு நாங்கள் பைரித்ராய்டைப் பரிந்துரைப்பதில்லை. ஃபிப்ரோனில், இமிடாகுளோபிரிட், குளோரான்ட்ரானிலிப்ரோல் மூன்றும் விரட்டாத வகை. கறையானுக்கு மருந்து இருப்பதே தெரியாது. அதைக் கடந்து போகும், உடலில் ஒட்டிக்கொள்ளும், ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்யும்போது மற்றவற்றுக்கும் பரப்பும். டெர்மிடோர் என்ற பெயரில் வருவது ஃபிப்ரோனில், பிரிமைஸ் என்ற பெயரில் வருவது இமிடாகுளோபிரிட். இரண்டுக்கும் நடுவில் எங்கள் சாய்வு ஃபிப்ரோனிலுக்கு. மண்ணை இறுகப் பற்றிக்கொள்ளும், ஒரு கறையானிலிருந்து இன்னொன்றுக்குப் பரவுவதும் நன்றாக இருக்கிறது. ஒரு பலவீனம் உண்டு: வெயில் பட்டால் சிதையும். வெளிப்புறத்தில் ஏற்றிய பின் மேலே மருந்து படாத மண்ணைப் போட்டு மூட வேண்டும். குளோரான்ட்ரானிலிப்ரோல் மூன்றிலும் மெதுவாக வேலை செய்யும். மனிதருக்கும் பாலூட்டிகளுக்கும் நச்சு மிகக் குறைவு என்பதால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தத் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளலாம். குளோர்பைரிஃபாஸ் இன்னும் சில இடங்களில் ஓடுகிறது. நரம்பைப் பாதிக்கும் ஆர்கனோபாஸ்பேட், நாற்றம் நாள்கணக்கில் நிற்கும். ஆட்கள் வாழும் வீட்டுக்குள் அது வேண்டவே வேண்டாம். இதைவிட நல்லது கையில் இருக்கும்போது அதைத் தொட ஒரு காரணமும் இல்லை.

கலவை லேபிளில் சொன்னபடிதான் இருக்க வேண்டும். 30.5 சதவீத இமிடாகுளோபிரிட் திரவத்துக்கு வழக்கமான அளவு லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி, அதாவது 50 லிட்டர் டிரம்முக்கு 105 மில்லி. மூடியால் உத்தேசமாக ஊற்றும் ஆளைத் தடுத்து, அளவுக் குவளை கேளுங்கள். முத்திரை உடைக்காத பாட்டிலை உங்கள் கண்முன் திறந்து உங்கள் முன்னாலேயே கலக்கச் சொல்வது உங்கள் உரிமை. வீட்டிலிருந்தே கலந்து கொண்டுவந்த கேனை ஏற்க வேண்டாம்.

துளைகளில்தான் வேலையின் உயிர் இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் கோட்டை ஒட்டி, 30 செ.மீ.க்கு ஒன்று வீதம், 12 மி.மீ. விட்டத்தில் துளை. டைல்ஸையும் கான்கிரீட்டையும் கடந்து மண்ணைத் தொட வேண்டும். டிரில் பிட்டில் ஒட்டி வருவதைப் பாருங்கள்: சாம்பல் நிறத் தூள் மட்டும் வந்தால் இன்னும் கான்கிரீட்டுக்குள்தான் இருக்கிறது, ஈர மண் வந்தால் சரியான ஆழம். குட்டையான பிட்டைக் கொண்டு 8 செ.மீ. போட்டுவிட்டு நிறுத்துவதுதான் இந்தத் தொழிலில் அடிக்கடி நடக்கும் குறுக்குவழி. அப்படிப்பட்ட துளையில் மருந்து ஊற்றியதும் பொங்கி வெளியே வரும். மண்ணைத் தொட்ட துளை மெதுவாகக் குடிக்கும். ஊற்ற ஊற்ற நிறையாமல் போய்க்கொண்டே இருந்தால் அடியில் மண் இறங்கிப் பள்ளம் விழுந்திருக்கிறது. அங்கே திரவம் வீணாகும், நுரை வடிவ மருந்துதான் பள்ளத்தின் மேற்கூரையிலும் ஒட்டும்.

துளைக்கு ஏறக்குறைய 1 லிட்டர் இறங்க வேண்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 4 மீட்டருக்கு 3 மீட்டர் அறை என்றால் சுற்றளவு 14 மீட்டர். கதவைக் கழித்தால்கூட 40 துளைக்குக் குறையாது, ஆக ஓர் அறைக்கே 40 லிட்டர். வெளியே, அடித்தளச் சுவரை ஒட்டி 15 செ.மீ. அகலம், 15 செ.மீ. ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, கம்பியால் குத்தி ஆழம் கொடுத்து, 30 செ.மீ. ஆழத்துக்கு மீட்டருக்கு 5 லிட்டர் என்ற வீதத்தில் ஊற்ற வேண்டும். சுற்றளவு 40 மீட்டர் உள்ள வீட்டுக்கு வெளிப்புறம் மட்டும் 200 லிட்டர். 15 லிட்டர் கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து ஒரு மணி நேரத்தில் முழு வீட்டையும் முடித்துவிட்டதாகச் சொன்னால், அங்கே நடந்தது தரையை நனைத்த வேலைதான்.

கதவு நிலைகளுக்குத் தனிக் கவனிப்பு. தரையோடு சேரும் இடத்தில் 6 மி.மீ. துளையைக் கீழ்நோக்கிச் சாய்வாகப் போட்டு, சிரிஞ்சால் மெதுவாக ஏற்றி, நிரம்பி வழியும் வரை பொறுத்துத் திரும்ப ஏற்ற வேண்டும். ஏற்றிய எல்லாத் துளைகளையும் அன்றே சிமென்ட்டாலும் மர மக்கினாலும் அடைக்க வேண்டும். திறந்து விட்டால் குழந்தைகளின் விரல் போகும்.

துளையிடும் முன் தண்ணீர்க் குழாய், மின்குழாய் போகும் தடத்தைச் சுவரில் சாக்பீஸால் குறித்துக் கொடுங்கள். குளியலறைக்குள் துளைத்தால் நீர்த்தடுப்புப் படலம் கிழியும். அடுத்த ஆண்டு கறையானுக்குப் பதில் கசிவு வரும். அங்கே மறுபக்க அறையிலிருந்து துளைக்கச் சொல்லுங்கள். மண் ஏற்கெனவே மழையில் ஊறியிருந்தால் வேலையைத் தள்ளிப் போடுங்கள், மருந்து உள்ளே இறங்காமல் வழிந்து ஓடும். கிணறு, குளம், மீன்தொட்டி பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். ஃபிப்ரோனிலும் பைரித்ராய்டும் நீர்வாழ் உயிர்களுக்குக் கொடிய நஞ்சு, இமிடாகுளோபிரிட் தேனீக்களைக் கொல்லும். பூத்திருக்கும் செடியின் அடியில் அதை ஊற்றக் கூடாது. ஈரம் உலரும் வரை குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த அறையில் வேண்டாம்.

முக்கியமான எச்சரிக்கை: மருந்து ஏற்ற ஆள் வருவதற்கு முன் மண் குழாய்களைச் சுரண்டித் துடைத்துவிடாதீர்கள், ஸ்ப்ரே அடிக்காதீர்கள். கலைத்தால் கறையான் பின்வாங்கி வேறு வழி தேடும், எங்கிருந்து ஏறுகிறது என்ற தடயமும் போய்விடும். ஏற்றிய பிறகும் ஓரிரு குழாய்களை விட்டுவையுங்கள். விரட்டாத மருந்து உடனே கொல்லாது. முதல் சில வாரங்கள் நடமாட்டம் தெரிந்தால் பதற வேண்டாம். மூன்று மாதம் கழிந்தும் உடைத்த குழாயை மறுபடி அடைக்கிறது என்றால், மருந்து போகாத பகுதி எங்கோ இருக்கிறது; அந்தச் சுவரை மட்டும் மறுபடி துளைக்கச் சொல்லுங்கள்.

இரைப் பெட்டி இதற்கு நேர் எதிரான முறை. வீட்டைச் சுற்றி சுமார் 3 மீட்டருக்கு ஒன்றாக மண்ணில் பதிப்பார்கள். உள்ளே செல்லுலோசுடன் ஹெக்ஸாஃப்ளுமுரான் அல்லது நோவிஃப்ளுமுரான் கலந்திருக்கும். சென்ட்ரிகான் இந்த வகையில் பெயர் பெற்றது, 1995 முதல் விற்பனையில் இருக்கிறது. தோல் உரிக்கும்போது புது ஓடு உருவாகாமல் தடுப்பதால் கறையான் சாகும். வேலைக்காரக் கறையான் இரையைப் புற்றுக்குள் கொண்டுபோய் ஊட்டுவதால் புற்றே சரியும். துளை இல்லை, தூசி இல்லை, மண்ணில் திரவம் இல்லை. கிணற்றை ஒட்டிய வீடு, துளைக்கவே முடியாத கல்தரை, நீர்த்தடுப்பு செய்த தளம் ஆகியவற்றுக்கு இதுதான் சரி. குறை நேரம்தான். கறையான் பெட்டியைக் கண்டுபிடிக்க வேண்டும், தின்ன வேண்டும், தோல் உரிக்க வேண்டும். மாதங்கள் ஆகும், அதுவரை கதவு நிலை அரிபட்டுக்கொண்டே இருக்கும். பெரும் மண்புற்று கட்டி உள்ளே பூஞ்சை வளர்க்கும் இனங்கள் இந்த இரையை அவ்வளவாக எடுப்பதில்லை என்பதும் பெரிய குறை. தோட்டத்தில் உயரமான புற்று இருந்தால் பெட்டியை மட்டும் நம்ப வேண்டாம். பெட்டியை அடிக்கடி திறந்து பார்ப்பதும் அதன் அருகே பூச்சிமருந்து தெளிப்பதும் கறையானை அங்கிருந்து ஓடவைக்கும். பராமரிப்பு நின்றால் பாதுகாப்பும் நின்றுபோகும் என்பதை ஒப்பந்தம் போடும்போதே மனத்தில் வையுங்கள்.

போரேட்டை நாங்கள் துணை மருந்தாக மதிக்கிறோம். டைசோடியம் ஆக்டாபோரேட் டெட்ராஹைட்ரேட் என்ற வெள்ளைத் தூள், லிட்டர் தண்ணீருக்கு சுமார் 120 கிராம் கரைத்து 10 சதவீதக் கரைசலாக இரண்டு கை பூச வேண்டும். புதிதாகப் போடும் அலமாரி, நிலை, கூரைச் சட்டம் எல்லாவற்றுக்கும் பெயின்ட்டுக்கு முன் இதைப் பூசிவிடுங்கள், வெட்டிய முனைகளில் கூடுதலாக. இழைமுனைதான் அதிகம் உறிஞ்சும். பெயின்ட், வார்னிஷ், லாமினேட் இருக்கும் மரத்தில் பூசினால் உள்ளே போகாது. மழை படும் மரத்திலிருந்து கரைந்து போய்விடும். மண்ணிலிருந்து வரும் பெரிய தாக்குதலைத் தனியாக நிறுத்தாது, ஆனால் அதைத் தின்ற கறையான் செத்துப்போகும். உலர்மரக் கறையானுக்கும் உளுவுக்கும் எதிராகப் புது மரத்தைக் காக்க இதைவிட எளிய வழி கிடையாது.

டப்பா ஸ்ப்ரே, மண்ணெண்ணெய், எரிந்த என்ஜின் ஆயில், ஆரஞ்சு எண்ணெய் எல்லாம் ஒரே வரிசை. நேராகப் பட்டவை சாகும், மண்ணுக்கடியில் இருக்கும் பல்லாயிரமும் அரசியும் தப்பும். மண்ணெண்ணெயில் தீ அபாயம் வேறு. ஸ்ப்ரே பண்ணிய இடம் வெறிச்சோடியதைப் பார்த்து ஒழிந்துவிட்டது என்று நம்புவதுதான் பெரிய ஆபத்து.

உலர்மரக் கறையான் வீடு முழுக்கப் பரவியிருந்தால் சல்ஃபியூரில் ஃப்ளுவோரைடு புகைமூட்டம்தான் முழுமையானது. உரிமம் பெற்றவர்கள் மட்டுமே செய்ய வேண்டிய வேலை இது. வீட்டில் இருப்பவர் எல்லாரும் வெளியேற வேண்டும், உணவு, மருந்து எல்லாம் அப்புறப்படுத்தவோ காற்றுப்புகாதபடி கட்டவோ வேண்டும், காற்றளவுக் கருவி பாதுகாப்பு என்று காட்டிய பிறகே திரும்ப வேண்டும். மரத்தில் மருந்தின் எச்சம் எதையும் விட்டுவைக்காது என்பதால் வரும் பருவத்தில் ஈசல் மறுபடி வந்து குடியேறத் தடை இல்லை. அதனால் பின்னாலேயே போரேட் பூச்சு. ஒரு மேசை, ஒரு கட்டில் மட்டும் என்றால் வெப்ப அறை போதும்: மரத்தின் நடுப்பகுதி 49 டிகிரி செல்சியஸை எட்டி அரை மணி நேரத்துக்கு மேல் அதே சூட்டில் நிற்க வேண்டும். வெளித்தோல் சூடானதை வைத்து நிறுத்தினால் உள்ளே இருப்பது பிழைத்துவிடும், எனவே ஆய்வுகோலை நடுப்பகுதியில் செருகி அளக்கச் சொல்லுங்கள்.

எந்த முறையும் ஈரத்தை எதிர்த்து ஜெயிக்காது. ஏசியின் வடிநீர் சுவரோரம் சொட்டுவது, குழாய் மூட்டில் கசிவு, அடித்தளத்தை ஒட்டி வைத்த பூந்தொட்டி வரிசை, படியின் அடியில் குவித்த அட்டைப் பெட்டிகள், மண்ணைத் தொடும் மர நிலை, எல்லாம் மருந்துக்கு முன்பே சரிசெய்ய வேண்டியவை. மரத்துக்கும் மண்ணுக்கும் 15 செ.மீ. இடைவெளியாவது இருக்கட்டும். வீடு கட்டும்போது தரைக்கடியில் புதைந்த சென்ட்ரிங் பலகைத் துண்டுகளும் மரக்கட்டைகளும் ஆண்டுக்கணக்கில் கறையானுக்கு உணவு. இவற்றைப் பொறுக்கி எடுக்கச் சொல்லிவிட்டுத் தரை போட்டவர்களுக்குப் பின்னால் வரும் தொல்லை குறைகிறது.

சேவைக்கான பில்லில் மருந்தின் வேதிப்பெயர், சதவீதம், கலந்த அளவு, மொத்த லிட்டர், எந்தெந்தச் சுவர் ஏற்றப்பட்டது என்ற தரைப்படம் ஐந்தும் எழுத்தில் இருக்க வேண்டும். உத்தரவாதம் இருந்தால் அது மறுபடி மருந்து ஏற்றுவதற்கு மட்டுமா, அரிபட்ட மரத்தை மாற்றித் தருவதற்கும் சேர்த்தா என்று கேளுங்கள். பெரும்பாலானவை முதல் வகைதான். பிறகு தோட்டத்தில் வாய்க்கால் தோண்டினாலோ, டைல்ஸை உடைத்துக் குழாய் போட்டாலோ அந்த இடத்தின் தடுப்பு அறுந்துவிடும், வேலை முடித்து மூடும் முன்பே அந்தப் பகுதிக்கு மட்டும் மறுபடி ஏற்ற வேண்டும்.